ஊற்றி வைக்கும் குளிர்

கேனின் மூடி திறக்கிறது. வெண்புகை மேலே போகவில்லை. பொங்கிய பால் போல விளிம்பில் வழிந்து, அலுமினிய உடம்பைத் தடவிக்கொண்டு தரைக்கு இறங்குகிறது. தரையில் சற்று தூரம் போய் இல்லாமல் ஆகிறது.

கால்விரல்களில் குளிர். வெளியே பங்குனி வெயில்.

*

பல்லடத்துக்குத் தெற்கே ஒரு கால்நடை மருந்தகம். வேம்பின் நிழலில் மாடுகள். ஒன்று விடாமல் கத்துகிறது.

"நேத்து ராத்திரியில இருந்து கத்திட்டே இருக்குதுங்க சார்."

"காலையிலயே ஓட்டிட்டு வந்திருக்கலாமுங்களே அக்கா."

"தறி ஓடுதுங்க. உட்டுப்போட்டு எங்க வர்றது."

சினை ஊசி போடுகிறவர் இடுக்கியால் ஒரு குச்சியைத் தூக்குகிறார். கால் மில்லி காளை விந்து பிடிக்கும் மெல்லிய பிளாஸ்டிக் குழல். மேலே பொடி எழுத்து. காளையின் எண், இனம், உறையவைத்த நிலையம், தேதி. தேதி பழையது. காளை இப்போது இருக்கிறதா என்று குச்சியில் போட்டிருக்காது.

37 டிகிரி வெந்நீரில் அரை நிமிடம்.

அந்த அரை நிமிடம் யாரும் பேசுவதில்லை. மாடு மட்டும்.

*

மைனஸ் 196 டிகிரி. திரவ நைட்ரஜன் கொதிப்பது அந்த வெப்பநிலையில்.

காதைக் கிட்டக் கொண்டுபோனால் கேட்கிறது. சன்னமான கொதி.

அவ்வளவு குளிரிலும் கொதித்துக்கொண்டே இருக்கிறது. கொதித்துக் குறைந்துகொண்டே இருக்கிறது.

*

அதற்குள் இருப்பது தூங்கவில்லை. தூக்கத்தில் மூச்சு உண்டு.

சாகவும் இல்லை. செத்திருந்தால் அழுகல் தொடங்கியிருக்கும்.

பசி இல்லை. மூப்பு இல்லை. ஒரு நாளும் ஐம்பது ஆண்டும் அங்கே ஒன்றுதான் என்கிறார்கள். ஐம்பது ஆண்டு என்ற சொல் மனதில் சற்று நேரம் நிற்கிறது. ஒன்றும் தோன்றவில்லை. போகிறது.

*

இங்கிருந்து தூத்துக்குடி பேருந்தில் ஓர் இரவு.

தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் நடுவே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். இரண்டு இப்போது நீருக்கடியில். பூவரசன்பட்டி. விலாங்குசல்லி. மற்றவற்றைச் சுற்றிப் பவளப் பார்.

மார்ச்சில் கடல் சூடேறத் தொடங்குகிறது. தூத்துக்குடிப் பக்கத்து அக்ரோபோரா பவளங்கள் கருவிடுவதும் மார்ச்சில்தான். வருடத்துக்குச் சில இரவுகள். நிலவைக் கணக்கில் வைத்து.

ஒவ்வொரு பவளப்பூச்சியின் வாயிலும் ஒரு சிறு உருண்டை வந்து நிற்கிறது. இளஞ்சிவப்பு. அதற்குள் முட்டையும் விந்தும் சேர்ந்தே இருக்கின்றன. சற்று நேரம் வாயிலேயே நிற்கிறது. பிறகு விடுபடுகிறது.

முட்டையில் கொழுப்பு. அதனால் மேலே ஏறுகிறது. நீர்மட்டத்துக்கு வந்ததும் உடைகிறது. பக்கத்துப் பவளத்தின் உருண்டையும் அதே நேரத்தில் உடைந்திருந்தால் கரு.

தன் விந்து தன் முட்டையோடு பெரும்பாலும் சேராது. அண்டை வேண்டும்.

எல்லாம் சில மணி நேரத்துக்குள்.

*

அந்தச் சில மணி நேரத்தில்தான் உறையவைப்பவர்களின் வேலையும்.

மேரி ஹேகடார்ன், அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்தவர். ஹவாயில், கனியோஹே விரிகுடாவுக்குள் இருக்கும் ஒரு சிறு தீவு அவருடைய களம். இருபது ஆண்டுகளாகப் பவளத்தின் விந்தைக் குளிரில் வைத்துப் பார்க்கிறார்.

உருண்டைகளை அள்ளி வருகிறார்கள். உடைந்ததும் முட்டை மேலே மிதக்கிறது. கீழே கலங்கலாக நிற்பது விந்து. அதை உறிஞ்சி எடுத்து, பத்தில் ஒரு பங்கு டைமெதில் சல்பாக்சைடு கலக்கிறார்கள். சின்னக் குப்பிகள். நைட்ரஜன் ஆவியில், நிமிடத்துக்கு ஏறத்தாழ 20 டிகிரி வீதம் இறக்கம். பிறகு முக்கல்.

வேகமாக இறக்கினால் செல்லுக்குள் இருக்கும் நீர் அங்கேயே உறைந்து ஊசியாகிறது. குத்திக் கிழிக்கிறது. மெதுவாக இறக்கினால் நீரெல்லாம் வெளியேறிச் செல் வற்றிப்போகிறது. நடுவில் ஒரு வேகம் இருக்கிறது. காளைக்கு ஒன்று. பவளத்துக்கு ஒன்று.

அந்த வேகத்தைத் தேடித்தான் இத்தனை வருடம்.

*

மின்சாரம் போகிறது. சுற்றிலும் தறிகள் நிற்கின்றன.

எவ்வளவு சத்தத்துக்குள் இருந்தோம் என்று காதுக்குத் தெரிகிறது. தொலைவில் ஒரு காகம். நீர்த்தொட்டியில் சொட்டு.

கேன் தன்பாட்டுக்கு இருக்கிறது. அதற்கு மின்சாரம் தேவையில்லை.

*

1949. லண்டனின் மில் ஹில் ஆய்வுக்கூடம். கிறிஸ்டோஃபர் போல்ஜ் சேவலின் விந்தை உறையவைத்து, உயிரோடு மீட்கப் பார்க்கிறார். சர்க்கரைக் கரைசலில் பலிக்கவில்லை. மாதங்கள் கழித்து அதே புட்டி என்று நினைத்து எடுத்ததில் பலிக்கிறது. மிச்சம் இருந்ததைச் சோதித்தால் அது சர்க்கரை இல்லை. சீட்டு மாறியிருக்கிறது. கிளிசராலும் முட்டையின் வெள்ளைக்கருவும்.

ஒரு சீட்டு மாறியது. அதிலிருந்து இந்தக் கேன், இந்தக் குச்சி.

சேவலில் தொடங்கியது. பல்லடத்தைச் சுற்றி இத்தனை கோழிப்பண்ணை. கறிக்கோழிக்கு அன்றாட விலை சொல்வதும் பல்லடம்தான். கோழிக்கு இந்தக் குளிர் தேவைப்படவில்லை. அது மாட்டுக்குப் போனது. காளையின் விந்தோடு கலக்கும் கரைசலில் கோழிமுட்டையின் மஞ்சள்கரு இருப்பதுண்டு. அவ்வளவில் கோழி.

*

டப்போ. ஆஸ்திரேலியாவில், சிட்னியிலிருந்து சாலை வழியே சுமார் 400 கி.மீ. உள்ளே தள்ளி. கோதுமை, ஆடு, வறண்ட காற்று. கடல் இல்லை.

பெருந்தடுப்புப் பவளத்திட்டின் விந்து அங்கேதான் இருக்கிறது. டரோங்கா விலங்கியல் பூங்காவின் உறைகிடங்கில். 2011-ல் எடுக்கத் தொடங்கியது.

பல்லடத்தில் உட்கார்ந்து யோசிக்க இது விசித்திரமாகப் படவில்லை. இங்கேயும் கடல் இல்லை. ஊட்டி மேட்டில் நின்ற காளை, வெயில் கொளுத்தும் இந்தச் சமவெளியில் ஒரு கேனுக்குள் நிற்கிறது.

டப்போவில் ஒரு பின்மதியம் எப்படி இருக்கும். ஈ மொய்க்குமா. கிடங்கின் சுவரில் கை வைத்தால் சுடுமா.

*

மன்னார் வளைகுடாவில் பாரை உடைத்துக் கரைக்குக் கொண்டுவந்த காலம் உண்டு. படகு படகாக. சுண்ணாம்புக் காளவாய்க்கு. 2001-ல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வருகின்றன. 2005 வாக்கில் உடைப்பு அடங்குகிறது.

எந்த வீட்டுச் சுவரில் எவ்வளவு பவளம் பூசப்பட்டிருக்கிறது என்று ஒரு யோசனை. வந்தது. இருக்கிறது.

*

பவளத்தின் உடம்புக்குள் பாசி குடியிருக்கிறது. நிறம் அதனால். சோற்றில் பெரும்பங்கும் அது சமைப்பதுதான். நீர் 31, 32 டிகிரியில் வாரக்கணக்கில் நின்றால் பாசி வெளியேறுகிறது.

பவளம் வெளிறுகிறது.

அப்போதும் சாகவில்லை. சில வாரம் பசியோடு நிற்கிறது. நீர் ஆறினால், பாசி திரும்பினால், பிழைக்கிறது.

2016 கோடையில் மன்னார் வளைகுடா ஆறவில்லை. உயிருள்ள பவளம் ஏறத்தாழ 39 சதவீதப் பரப்பில் இருந்தது 23-க்கு வந்ததாகத் தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தாரின் கணக்கு.

39.

23.

*

வெளிறிய பவளம் காத்திருக்கிறது. குப்பிக்குள் இருப்பதும் காத்திருக்கிறது. முன்னதுக்குப் பசி உண்டு, நாள் உண்டு. பின்னதுக்கு இரண்டும் இல்லை.

இரண்டையும் காத்திருத்தல் என்றே சொல்கிறோம். சரியா என்று பார்க்கிறேன். மாடு வாலை அடித்துக்கொள்கிறது.

*

தூத்துக்குடியில் நடப்பது கைவேலை. 2002-லிருந்து. உயிருள்ள பவளக் கிளையைச் சிறு துண்டாக எடுத்து, சிமென்ட் பலகையில் கட்டி, கடலடியில் இறக்கி வைக்கிறார்கள். துண்டு பலகையைப் பற்றிக்கொள்கிறது. பற்றியபின் வளர்கிறது. மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தால் அது வேகம்.

முங்கிப் போகிறவர்களின் மூச்சுக் குமிழி மட்டும் மேலே வரும்.

ஆனால் அந்தத் துண்டு தாயின் உடம்பேதான். தாய் தாங்காத வெயிலைத் துண்டும் தாங்காது. வேறொன்றாகப் பிறக்க விந்தும் முட்டையும் வேண்டும். அந்த மார்ச் இரவு வேண்டும்.

*

நைட்ரஜன் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஓர் அளவுகோல். நீளமான கோல். கேனுக்குள் அடிவரை விட்டு, சற்று வைத்திருந்து எடுக்கிறார். காற்றில் இரண்டு முறை வீசுகிறார்.

கோலில் எதுவும் இல்லை.

பிறகு கீழ்ப்பகுதியில் வெள்ளை படர்கிறது. பனி. எதுவரை படர்கிறதோ அதுவரை நைட்ரஜன்.

விரலால் அளக்கிறார். ஒரு சாண் இல்லை. நைட்ரஜன் வண்டி எப்போது வரும் என்று போனில் கேட்கிறார். மறுமுனையில் ஏதோ சொல்கிறார்கள். "சரிங்க, சரிங்க" என்று வைக்கிறார். முகத்தில் எதுவும் தெரியவில்லை.

*

அளவு குறைந்து, குச்சிகள் ஒரு முறை சூடேறிவிட்டால் முடிந்தது. மறுபடி ஊற்றலாம். மறுபடி உறையும். உள்ளே இருப்பது எழாது.

வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் கிடையாது. அதே குழல், அதே எழுத்து, அதே தேதி. உயிருள்ளதும் போனதும் ஒரே கேனில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கலாம். நுண்ணோக்கியில் வைத்தால் தெரியும். இல்லாவிட்டால், மூன்று வாரம் கழித்து மாடு மறுபடி கத்தினால் தெரியும்.

இதை நினைத்ததும் வயிற்றில் ஏதோ அசைகிறது. பயமா. பெயர் வைக்கவில்லை.

*

எதுவும் நடக்காமல் இருப்பதற்கு யாரோ ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

இங்கே. ஊட்டியில். டப்போவில். ஞாயிற்றுக்கிழமையும். தீபாவளிக்கும்.

*

பவளத்தின் முட்டை உறையவில்லை. பெரிது. கொழுப்பு நிறைய. குளிர் அதற்குள் சீராக இறங்குவதில்லை.

லார்வாவும் அப்படித்தான் இருந்தது. உறையவைப்பதுகூட ஆயிற்று; திரும்பச் சூடாக்கும்போது போய்விடும். மெதுவாகச் சூடானால் வழியிலேயே பனி கட்டிக்கொள்கிறது. 2018-ல் ஒரு வழி வந்தது. ஹவாயின் காளான் பவளம். அதன் லார்வாவை நுண்ணிய தங்கத் துகள்கள் கலந்த கரைசலில் உறையவைத்து, லேசர் ஒளி ஒரு வெட்டு. தங்கம் சூட்டை வாங்கிச் சுற்றிலும் தருகிறது. கண்ணிமைக்கும் நேரத்தில் சிறு பங்கு. லார்வா நீந்துகிறது.

2022 டிசம்பரில் பெருந்தடுப்புத் திட்டின் லார்வாக்களை மெல்லிய வலையில் ஏந்தி உறையவைத்தார்கள். வலையில் ஏந்தினால் லேசர் வேண்டாம், செலவு குறைவு. 2023-ல் ஹவாயின் ஒரு பவளத்தை, முட்டையோ விந்தோ இல்லை, உடம்பின் துண்டையே உறையவைத்து மீட்டார்கள்.

ஒவ்வொன்றாகக் குளிருக்குள் போகின்றன.

தங்கம் என்று படித்ததும் மனம் கழுத்துக்குப் போகிறது, அடகுக்கடைக்குப் போகிறது. திரும்பி வருகிறது.

*

"எது போடட்டுங்க அக்கா. ஜெர்சியா, காங்கேயமா."

"பால் கறக்கறதப் போடுங்க சார். சொசைட்டிக்கு ஊத்தோணுமுல்லீங்க."

*

காங்கேயம் இங்கிருந்து கிழக்கே. கிளுவை வேலி. கொரங்காடு. வெள்வேல மரத்தடியில் கொழுக்கட்டைப் புல். காங்கேயம் கன்று பிறக்கும்போது செந்நிறம். சில மாதத்தில் சாம்பல்.

இந்தக் குச்சி வழியாகத்தான் ஜெர்சி ஊருக்குள் வந்தது. வீடு வீடாக. கிணற்றில் ஏற்றம் போய் மோட்டார் வந்தது, உழவுக்கு டிராக்டர் வந்தது, காளைக்கு வேலை இல்லாமல் போனது. காங்கேயம் குறைந்தது.

இப்போது அதே கேனில் காங்கேயமும் நிற்கிறது. குறைத்த கருவியிலேயே காப்பு. இடுக்கி எதைத் தூக்குகிறதோ அது.

அக்கா மேல் தவறு சொல்ல ஒன்றும் இல்லை. லிட்டருக்கு என்ன கிடைக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

*

இரவு. மில் வெளிச்சம் வானத்தில் பரவி நிற்கிறது. இரவு ஷிப்ட்டுக்கு ஆள் ஏற்றிப்போகும் வண்டி. நிலவு இருக்கிறது. தேட வேண்டியிருக்கிறது.

பவளம் நிலவை அறிவது இருட்டை வைத்து. முழுநிலவு கழிந்தபின், பொழுது சாய்வதற்கும் நிலவு எழுவதற்கும் நடுவே சிறு இருள் வருகிறது. நாளுக்கு நாள் அது நீள்கிறது. அதுதான் சைகை. கரையோர விளக்கொளி படும் இடங்களில் பவளங்கள் ஒன்று முதல் மூன்று நாள் முந்தியே கருவிடுவதாக 2023-ல் ஓர் ஆய்வு. வெளிச்சம் படாத அண்டை இன்னும் தயாராகாத இரவு.

உருண்டை ஏறும். உடையும். பக்கத்தில் யாரும் இருக்கமாட்டார்கள்.

*

2024-ல் ஹேகடார்னும் மற்றவர்களும் ஒரு யோசனையை முன்வைத்தார்கள். நிலவின் துருவத்துப் பள்ளங்களில் வெயிலே படாத இடங்கள் உண்டு. மைனஸ் 196-க்கும் கீழே. உயிரின் மாதிரிகளை அங்கே கொண்டுபோய் வைக்கலாம்.

அங்கே மின்சாரம் வேண்டாம். நைட்ரஜன் வேண்டாம். ஊற்ற ஆள் வேண்டாம்.

படித்ததும் ஓர் ஆறுதல். உடனே, கேனைப் பார்த்துக்கொள்கிற அந்த மனிதரின் நினைவு. அளவுகோல். வீசும் கை.

இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன.

*

வைகாசியில் காற்று வருகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியே, ஓலையைப் புரட்டிக்கொண்டு. உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகள் சுற்றத் தொடங்குகின்றன. கொடியில் காயும் துணி படுக்கைவாட்டில் நிற்கிறது.

தென்மேற்குக் காற்று வலுக்கும்போது மன்னார் வளைகுடாவின் நீரும் கலங்கி, மெல்ல ஆறத் தொடங்குகிறது. வெளிறிய பவளங்கள் எதிர்பார்ப்பது அதைத்தான். எதிர்பார்ப்பது என்பது நம் பேச்சு.

சில வருடம் காற்று முந்துகிறது. சில வருடம் வெயில்.

கண்ணில் தூசி. கண்ணை மூடிக்கொள்கிறேன். காற்று மட்டும்.

*

குராசோ, கரீபியன் கடலில் ஒரு தீவு. அங்கே மான்கொம்புப் பவளம் முட்டை விட்ட இரவில், ஃபுளோரிடாவிலிருந்து கொண்டுவந்த உறைந்த விந்தை உருக்கிச் சேர்க்கிறார்கள். 2018-ல். இரண்டு பவளங்களுக்கும் நடுவே முழுக் கரீபியன். தாமாக ஒருநாளும் சந்தித்திருக்காது.

கரு பிடிக்கிறது. லார்வா ஃபுளோரிடாவுக்குப் போகிறது. தொட்டியில் வளர்கிறது. 2021-ல் கட்டுரையாக வெளிவருகிறது.

உருக்கிய விந்துக்கு அவகாசம் குறைவு. முட்டை அன்றைக்கே விட்டதாக இருக்க வேண்டும். கிடங்கில் எத்தனை குப்பி இருந்தாலும், எங்கோ ஒரு கடலில், ஒரு பவளம் உயிரோடு இருந்து, அந்த இரவைத் தவறாமல் பிடித்திருக்க வேண்டும்.

2023 கோடையில் ஃபுளோரிடாக் கடல் சூடாகிறது. அங்கே மிஞ்சியிருந்த மான்கொம்புகள் பெருவாரியாக மடிகின்றன.

குராசோ முட்டையில் பிறந்தவற்றை ஃபுளோரிடாக் கடலில் நட அரசு அனுமதி வேண்டும். அது எளிதில் கிடைப்பதில்லை. அவற்றில் பாதி வேற்றுக் கடல். அந்தப் பாதி அங்கிருப்பவற்றைக் கெடுத்துவிட்டால் என்ன செய்வது என்பது ஒரு தரப்பு. அங்கே கெடுவதற்கு இனி என்ன இருக்கிறது என்பது மறுதரப்பு. பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.

கொரங்காட்டுப் பக்கம் ஜெர்சிக்கு யாரும் அனுமதி கேட்டதாக நினைவில்லை.